கெராங் ஓடும் ஜெயலெட்சுமியும்

லோகேஸ்வரன் வாத்தியாருக்குக் கையில் மார்க்கர் பேனா இருந்தால் போதும், அணுவின் வயிற்றைக் கிழித்து உள்ளே எத்தனை புரோட்டான் என்று எண்ணிக் காட்டிவிடுவார். பேனா இல்லையென்றால் நாலு பேர் முன்னால் வாய் திறக்காது. முப்பத்தொரு வருடமாகப் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் நடத்தியதில் வந்த கோளாறு அது. கல்யாணத்தன்று மணமேடையிலேயே ஒரு சாக்பீஸ் துண்டை இடுப்பில் செருகி வைத்திருந்தவர். தாலி கட்டிய விரல்களில் வெள்ளைப்பொடி ஒட்டியிருந்ததை அந்த வீடியோவில் இன்றைக்கும் பார்க்கலாம்.

இந்தக் கோளாறுதான் அவருடைய மனைவியைக் கடலில் கொண்டுபோய்த் தள்ளியது.

ஜெயலெட்சுமிக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள் ஃபெரியில் ஒரே ஒரு முறைதான் ஏறினாள், கல்யாணம் முடிந்து தீவுக்கு வந்த அன்று. அவள் போட்ட சத்தத்தில் கேப்டன் மிரண்டு, இருபது நிமிடப் பயணத்தை ஒன்பது நிமிடத்தில் முடித்தார். அந்தச் சாதனையை இன்றுவரை எந்த ஃபெரியும் முறியடிக்கவில்லை. அதற்குப் பிறகு தாய்வீட்டுக்குப் போவதெல்லாம் பாலத்தின் வழிதான். அதுவும் காரில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு, ஓட்டுகிற புருஷனின் இடது சட்டைக்கையைப் பிடித்துக்கொள்வாள். பாலம் முடிகிறவரை விடமாட்டாள். வாத்தியாரின் சட்டைகள் அத்தனையிலும் இடது கை வலது கையைவிட இரண்டு அங்குலம் நீளம். தையல்காரர் கேட்டால், "பாலம்" என்று மட்டும் சொல்வார்.

பாயான் பாருவில் ஐந்தாவது மாடியில் வீடு. பிள்ளைகள் இல்லை. ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம் மைக்ராஸ்கோப்பில் சிப்புகளைப் பார்த்துப் பார்த்து வேலையை விட்டபின், ஜெயலெட்சுமி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றை வளர்க்க ஆசைப்பட்டாள். வாசல் நடைபாதையில் ஒரு பெரிய தொட்டி வைத்து அதில் கறிவேப்பிலை போட்டாள். பன்னிரண்டு வருடத்தில் அது ஆள் உயரம் வந்துவிட்டது. ஒரு கொத்தைக் கிள்ளினால் கீழே கார் நிறுத்துகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, தங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று யோசிப்பார்கள்.

செடிக்கு உரம் போட்டது வாத்தியார். ஆட்டுக்கறி ஆக்குகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எலும்புகளைப் பொறுக்கி, அடுப்பில் வெள்ளையாகும்வரை சுட்டு, இடித்துப் பொடியாக்கித் தொட்டியில் தூவுவார். புகையைப் பார்த்து அண்டைவீட்டார் மூன்று முறை தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை வந்தவர்கள் குழாயோடு ஒரு டிபன் கேரியரையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள், கறி மிச்சமிருக்கும் என்ற நம்பிக்கையில்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேநீர்க் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு ஜெயலெட்சுமி கேட்டாள்.

"இந்தப் பொடியில என்னங்க இருக்கு?"

"கால்சியம் பாஸ்பேட். செடிக்கு ரொம்ப நல்லது."

"மனுசன் எலும்புலயும் அதானே?"

"அதேதான்."

"அப்ப நா செத்தா என்னையும் இதுல போட்டுடுங்க லா. தண்ணியில மட்டும் விட்டுறாதீங்க. எனக்கு நீச்சல் தெரியாது."

"செத்தப்புறம் எதுக்குடி நீச்சல்?"

"சிரிக்காதீங்க. சரின்னு சொல்லுங்க."

"சரி," என்றார்.

அவர் வாழ்க்கையில் சொன்ன சரிகளிலேயே ஆக லேசாகச் சொன்ன சரி அதுதான். தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்.

ஒரு சனிக்கிழமை காலை, இரத்த அழுத்தம் தலைக்கேறி, சமையலறையிலேயே சாய்ந்துவிட்டாள். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னதிலிருந்து உப்பு ஜாடியில் அளவு இறங்காமலே நின்றிருந்தது. கல்யாணமான புதிதில் வாத்தியார் விளையாட்டாக அந்த ஜாடியில் 'சோடியம் குளோரைடு' என்று எழுதி ஒட்டிய காகிதத்தை அவள் கிழிக்கவே இல்லை. விழுந்தபோது அவள் பார்வை பட்ட கடைசிப் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் காலை, சிவப்புத்துணி கட்டிய மண்கலயத்தில் சாம்பலை வாங்கிக்கொண்டு ஜெலுத்தோங் கரைக்குப் போனார்கள். படகு ஷஃபீக்குடையது. கெராங் சிப்பி அள்ளுகிறவர், இந்த மாதிரிக் காரியங்களுக்கும் படகு விடுவார். உடன் வந்தவர்கள் ஐயர், ஜெயலெட்சுமியின் தங்கை சாந்தினி, சாந்தினி பக்கத்து உறவினர் ஆறு பேர். படகில் ஏறுவதற்கு முன்னால் வாத்தியார் மைத்துனியைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிப் பார்த்தார்.

"என்ன அத்தான் பேசுறீங்க? அக்காவத் தொட்டியில போடுறதா? அவ என்ன மாட்டுச்சாணமா?"

"அவளே சொன்னது, சாந்தினி."

"அவ ஆயிரம் சொல்லுவா. எனக்குக் கூடத்தான் கம்மல் தர்றேன்னு சொன்னா. சொந்தக்காரங்க கேட்டா நா என்ன சொல்றது? எங்கக்கா ரசத்துல இருக்கான்னா?"

படகு நின்றது. கொம்தார் கட்டடத்தின் உச்சியும் கரையோரத்து ஃபிளாட்டின் தண்ணீர்த்தொட்டியும் ஒரே கோட்டில் தெரியும் இடம். அங்கேதான் எப்போதும் விடுவது என்றார் ஷஃபீக். ஐயர் கலயத்தை வாத்தியார் கையில் கொடுத்தார். எட்டுப் பேரும் அவரையே பார்த்தார்கள். இப்போது "மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாத்தியாரின் வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே பேனா இல்லை. சட்டையே இல்லை, வெறும் மேல்துண்டுதான். வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது. ஐயர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கலயத்தைக் கவிழ்த்துவிட்டார்.

ஜெயலெட்சுமி சத்தமே போடாமல் போனாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஃபெரியையே விரட்டியவள்.

ஆறாம் நாள் பள்ளிக்குப் போனார். வீட்டில் இருந்தால் ஜாடி, வாசலுக்கு வந்தால் செடி. நான்காம் படிவ வகுப்பில் உப்புகள் பாடம். எந்த உப்பு தண்ணீரில் கரையும், எது கரையாது என்ற பட்டியலைப் பிள்ளைகள் ஒப்பித்தார்கள். எல்லா நைட்ரேட்டும் கரையும். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகள் எல்லாம் கரையும். வெள்ளி குளோரைடு கரையாது. முன்வரிசையில் இல்ஹாம் என்ற பெண் கை தூக்கினாள். மலாயில் வாத்தியாருக்கு 'சிக்கு' என்று பெயர்.

"சிக்கு, கால்சியம் பாஸ்பேட்?"

"அது சிலபஸில் இல்லை," என்றார் வாத்தியார், பலகையில் எழுதிக்கொண்டே. "ஆனால் கரையாது. அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்."

பேனா பலகையிலேயே நின்றது. அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். முப்பத்தொரு வருடமாகச் சொன்னதை அன்றைக்குத்தான் அவர் காதால் கேட்டார். அவள் கரையவில்லை. கொம்தாருக்கும் தண்ணீர்த்தொட்டிக்கும் நேரே, நீச்சல் தெரியாமல், சேற்றில் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று மதியமே ஷஃபீக்கிடம் போனார்.

"அண்ணே, அன்னிக்கு விட்டது அலையில போயிருக்குமா?"

ஷஃபீக் வலையைப் பிரித்துக்கொண்டே யோசித்தார். "கொஞ்சம் போகும் சிக்கு. ஆனா இங்க சேறு பொல்லாதது லா. பிடிச்சா விடாது. எங்க வாப்பாவோட சிலிப்பர் முப்பது வருசத்துக்கு முன்னால மாட்டிச்சு. இன்னும் குடுக்கல."

"அள்ள முடியுமா?"

ஷஃபீக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நீளக் கழியில் கம்பிக்கூடை கட்டிய கெராங் வாரியைத் தூக்கிப் படகில் போட்டார். கூடைக்குள் ஒரு சாக்கையும் விரித்தார், சேறு வடிந்துவிடாமல் இருக்க.

ஐந்து நாளில் ஏழு நடை. இருபத்துமூன்று வாளிச் சேறு. ஃபிளாட்டில் லிஃப்ட் அந்த நாற்றத்தை இரண்டு நாள் பொறுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் நான்காவது மாடிக்கு மேல் வரமாட்டேன் என்று அங்கேயே கதவைத் திறந்துவிட்டது. மிச்ச ஒரு மாடியை வாத்தியார் வாளியோடு ஏறினார். ஒவ்வொரு வாளியிலிருந்தும் ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்து, எண் போட்டு, பள்ளிக்கூட ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்.

எல்லாவற்றையும் செடிக்குப் போட இடமில்லை. எந்த வாளியில் அவள் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும்.

ஆய்வகத்தின் உதவியாளர் நூர் ஃபாத்திஹா, பதினெட்டு வருடமாக அங்கே இருப்பவள். அவர்களுக்குள் பேச்சு மலாயில்தான். பள்ளி முடிந்தபின் வாத்தியார் பாட்டில்களை அடுக்குவதை அவள் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பாட்டிலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினார். நுரைத்துப் பொங்கியது. வந்த வாயுவைச் சுண்ணாம்புநீரில் விட்டார். பால் போலானது. கார்பனேட். அதாவது சிப்பி. இரண்டாவது பாட்டில், சிப்பி. மூன்றாவது, சிப்பி. பினாங்குக் கடலில் ஆதிகாலம் முதல் செத்த கெராங் எல்லாம் வரிசையில் வந்து நின்று, நான்தான் கால்சியம், நான்தான் கால்சியம் என்று நுரைத்தன.

"சிப்பியை எல்லாம் அமிலத்தில் கரைத்துவிட்டால் மிச்சம் இருப்பது..." என்று தொடங்கினார் வாத்தியார், தனக்குத்தானே.

"மிச்சம் எது, சிக்கு?" என்றாள் நூர் ஃபாத்திஹா.

"எலும்பு..." என்று இழுத்தவர் அமிலப் பாட்டிலைக் கீழே வைத்தார். பாஸ்பேட் தண்ணீரில்தான் கரையாது, அமிலத்தில் கரையும். கெராங்கை விரட்டுகிற அமிலம் ஜெயலெட்சுமியையும் சேர்த்து விரட்டும். அதுவும் நுரைகூட இல்லாமல், சத்தமே போடாமல்.

அப்போதுதான் நூர் ஃபாத்திஹாவுக்கு விஷயம் விளங்கியது. நேரே போய், பின் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய பாட்டிலை எடுத்து வந்தாள். அம்மோனியம் மாலிப்டேட். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாமல், எந்தக் கணக்கெடுப்பிலும் சிக்காமல், அவளுக்கு முந்தின உதவியாளர் காலத்திலிருந்து அங்கே ஒளிந்திருந்தது. நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால், பாஸ்பேட் இருக்கும் இடத்தில் மஞ்சளாகப் படியும்.

முதல் பாட்டில் மஞ்சள்.

வாத்தியார் அந்தச் சோதனைக்குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முப்பத்தொரு வருடமாகச் சூடான குழாயைக் கையால் தொடாதே என்று பிள்ளைகளிடம் கத்தியவர். கை பொரிந்தது. விடவில்லை.

"ஜெயா," என்றார்.

இரண்டாவது பாட்டிலும் மஞ்சள். மூன்றாவதும். இருபத்துமூன்றும் மஞ்சள். மரத்தாங்கியில் வரிசையாக, கோயிலில் ஏற்றிய விளக்குகள் மாதிரி நின்றன. அவர் முகத்தில் பதினோரு நாளில் முதல் முறையாக ஏதோ அசைந்தது. நூர் ஃபாத்திஹா இருபத்துநாலாவதாக ஒரு குழாயைக் கொண்டுவந்து கடைசியில் வைத்தாள். அதுவும் மஞ்சள். மற்ற எல்லாவற்றையும்விட நல்ல மஞ்சள்.

"இது எந்த வாளி?"

"வாளி இல்லை, சிக்கு. நம் பள்ளி வாசல் சாக்கடை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்கள் கட்டுப்பாட்டு மாதிரி வைக்கவில்லை."

ஆயிரம் பிள்ளைகளுக்காவது அதற்காக மதிப்பெண் வெட்டியிருப்பார். ஒப்பிட்டுப் பார்க்க, விஷயமே இல்லாத ஒரு மாதிரி வேண்டும். அது இல்லாத சோதனை சோதனையே அல்ல. சலவைத்தூளிலும் உரத்திலும் கழிவிலும் பாஸ்பேட் இருக்கிறது. அந்தச் சோதனையின்படி ஜெயலெட்சுமி கடலில் கொஞ்சம்தான், சாக்கடையில்தான் அதிகம்.

"எறிந்துவிடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்," என்றார் வாத்தியார். "இருபத்துமூன்றில் ஏதாவது ஒன்றில் இருப்பாள்."

அன்று சாயங்காலம் தொட்டியில் இருந்த பழைய மண்ணை வேர் தெரிகிறவரை தோண்டி எடுத்தார். வாளிகளில் தெளிந்து நின்ற தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் கெட்டியான சேற்றை ஒவ்வொரு வாளியிலிருந்தும் கொஞ்சமாவது வருகிற மாதிரி அள்ளி நிரப்பினார். ஒருவரையும் விட்டுவிடக்கூடாது என்று பந்தியில் பரிமாறுகிற மாதிரி. முடித்ததும் செடிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"வந்துட்டியா?" என்றார். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

இரண்டாம் நாள் இலைகள் தொங்கின. இடம் மாறிய களைப்பு என்று நினைத்தார். மூன்றாம் நாள் ஓரம் கருகியது. பாஸ்பேட் இறங்கிவிட்டது, வேர் உழைக்கிறது என்று சொல்லிக்கொண்டார். கால்சியம் போதாதோ என்று நினைத்து முட்டையோட்டைக்கூட இடித்துப் போட்டார். நான்காம் நாள் கீழே கார் நிறுத்துகிறவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. விடிந்ததும் சாந்தினி பட்டர்வொர்த்திலிருந்து பாத்திரங்களோடு வந்து சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டாள். படையலுக்கு அக்காவுக்குப் பிடித்ததெல்லாம் ஆக்கினாள். மதியம் தாளிக்கிற நேரத்தில் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"அத்தான், கறிவேப்பிலை கிள்ளிக்கிறேன்."

தொட்டதும் இலைகள் எல்லாம் ஒன்றாக உதிர்ந்தன. கையில் ஒரு குச்சி நின்றது. சாந்தினி குனிந்து தொட்டியைப் பார்த்தாள். வெயிலில் காய்ந்த சேற்றின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. ஒரு விரலால் தொட்டு, சமையல் செய்கிறவர்களுக்கு வருகிற பழக்கத்தில் நாக்கில் வைத்தாள்.

"என்ன மண்ணு அத்தான் இது? ஒரே உப்பால்ல இருக்கு!"

வாத்தியார் எழுந்தார். அவரும் தொட்டு நாக்கில் வைத்தார்.

சோடியம் குளோரைடு. கடலில் எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இருக்கும் என்று பாலர்பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் இருபத்துமூன்று பாட்டிலில் தேடியவர், ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போட்டிருந்தால் போதும். நான்காம் படிவத்தில் அயனிப் பிணைப்பு என்றதும் முதலில் எழுதுகிற பெயர் அது. சமையலறை ஜாடியில் அவர் கையெழுத்திலேயே இருபத்தொன்பது வருடமாக ஒட்டியிருக்கிறது.

"அத்தான்? என்ன மண்ணு இது?"

"உங்க அக்கா," என்றார்.

சாந்தினி நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள். கரண்டி கீழே விழுந்தது.

வாத்தியார் அதற்குள் குளியலறையிலிருந்து வாளியைக் கொண்டுவந்துவிட்டார். தொட்டியில் ஊற்றினார். சேறு அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்கவில்லை. ஸ்க்ரூடிரைவரால் அடியில் ஓட்டையைக் குத்திப் பெரிதாக்கினார். சாம்பல் நிறத் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. பள்ளிப் பையில், மறுநாள் பாடத்துக்கு எடுத்து வைத்திருந்த வெள்ளி நைட்ரேட் சொட்டுப்பாட்டில் இருந்தது. ஓடுகிற தண்ணீரை ஒரு கிளாஸில் பிடித்து, தெளியவைத்து, ஒரு சொட்டு விட்டார். தயிர் போல வெள்ளையாகத் திரண்டது. குளோரைடு இன்னும் இருக்கிறது. அடுத்த வாளி.

இந்த முறை கட்டுப்பாட்டு மாதிரியை மறக்கவில்லை. ஜன்னல் விளிம்பில் ஒரு கிளாஸ் வெறும் குழாய்த்தண்ணீர், அதிலும் ஒரு சொட்டு. பனி படிந்த கண்ணாடி அளவுக்கு லேசாக மங்கியது. தொட்டியின் தண்ணீர் அந்த மங்கலுக்கு வந்துவிட்டால் உப்பு போய்விட்டது என்று அர்த்தம். வேர் ஒரு இழையாவது உயிரோடு இருக்கலாம்.

பத்து வாளி. இருபது வாளி. கருமாதிக்கு வந்த உறவினர்கள் நான்காவது மாடியில் லிஃப்டை விட்டுப் படியேறி வந்து, கணுக்கால் தண்ணீரில் நின்றார்கள். நாலாவது மாடிக்காரர் குடை பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார், வாத்தியாரின் அழுகிற முகத்தைப் பார்த்துக் குடையை மடக்கிக்கொண்டு போனார். ஐயர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"போதும் விடுங்கத்தான். அது செத்துடுச்சு," என்றாள் சாந்தினி.

"இன்னும் குளோரைடு இருக்கு."

நாற்பதாவது வாளிக்கு மேல் அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவளே ஒரு வாளியைப் பிடித்து வந்து ஊற்றினாள். தன் காலைத் தாண்டி ஓடும் சாம்பல் தண்ணீரைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அது நடைபாதை ஓரத்து ஓட்டையில் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது.

"அத்தான்," என்றாள் மெல்ல. "இந்தத் தண்ணி எங்க போவுது?"

வாத்தியாரின் கையில் வாளி இருந்தது. குழாய் வழியாகக் கீழே. கீழேயிருந்து பெரிய சாக்கடைக்கு. சாக்கடை ஆற்றுக்கு. ஆறு எங்கே போகும் என்று சொல்ல வேதியியல் வேண்டாம். அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சேறு பாதிக்கு மேல் போயிருந்தது. போனது எது, நின்றது எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனையும் கிடையாது.

பாதி வாளியில் நிறுத்தினால் உப்பும் போகாது, அவளும் திரும்பமாட்டாள். ஆகவே ஊற்றினார். அறுபத்தேழாவது வாளியில் கிளாஸ் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மங்கல். முப்பத்தொரு வருடத்தில் அவ்வளவு சுத்தமாக முடிந்த சோதனை இல்லை.

தொட்டியில் ஒரு குச்சி நின்றது. அதன் அடியில் மூன்று கெராங் ஓடுகள், நன்றாகக் கழுவப்பட்டு, வெள்ளை வெளேரென்று கிடந்தன.